ஒரே டிக்கெட்டில் எழும்பூர் டூ கொழும்பு! 'போட் மெயில்' கப்பல் எப்படி ஓடியது?

விருத்தாசலம் ஜங்ஷனில் சேது எக்ஸ்பிரஸ் ஏறினால் ராமேஸ்வரம் வரைதான் போக முடியும். ஆனா ஒரு காலத்துல எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில், கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் போய் இறங்கியிருக்காங்க நம்ம ஆட்கள். எப்படி?

ரயிலே கப்பலில் ஏறியதா?

இல்லைங்க. பலரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. ரயில் தனுஷ்கோடி துறை வரை போகும். மூட்டை முடிச்சோடு இறங்கி, அங்கே நிற்கும் நீராவிக் கப்பலில் ஏறணும். சுமார் 35 கி.மீ. கடலைத் தாண்டினால் தலைமன்னார். அங்கிருந்து இலங்கை ரயில்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்த பிறகு வந்த வழி இது. அதற்கு முன்பு தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறணும்.

சக்கரம் வைத்த கப்பலா?

1821-ல் இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்ஸின் கலேவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய 'ராப் ராய்', பக்கவாட்டில் துடுப்புச் சக்கரம் சுழலும் நீராவிக் கப்பல். நமக்குக் கப்பல் வருவதற்குள் அந்தக் காலம் முடிஞ்சுபோச்சு. கிளாஸ்கோவில் கட்டப்பட்ட கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் மூன்றுமே டர்பைன் கப்பல்கள். தண்ணீருக்கு அடியில் விசிறி சுழலும். பெயரெல்லாம் வைஸ்ராய்கள் பெயர்தான், வேற யார் பெயரை வைப்பாங்க! பின்னாளில் இர்வின், கோஷன் வந்தன.

யாரெல்லாம் போனாங்க?

வியாபாரிகள், அதிகாரிகள் போனார்கள். ஆனால் இந்த வழியின் உண்மையான கதை, தேயிலைத் தோட்ட வேலைக்குப் போன ஏழைத் தமிழர்களுடையது. மண்டபம் முகாமில் தங்கவைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே அவர்களைக் கப்பல் ஏற்றினார்கள்.

1964 அக்டோபர் 30-ல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. இரண்டே மாதத்தில், டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியையே அழித்தது. பாம்பனிலிருந்து வந்த ரயில், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலில் போனது.

பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. தாத்தா, பாட்டி கூலி வேலைக்குப் போன அதே கடலில், இலங்கையிலேயே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகள் 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரில் வந்து இறங்கினார்கள். பார்த்தே இராத ஊர்தான் அவர்களுக்குத் தாயகம்!

எப்போ நின்னுச்சு?

உள்நாட்டுப் போர் தொடங்கியதும், 1980-களில். 2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் தொடங்கி, சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' கப்பலோடு அந்தச் சேவை மறுபடி தொடங்கியது. தலைமன்னாருக்கு மட்டும் இன்னும் கப்பல் இல்லை.