கிரீன்லாந்தில் இறங்கும் கடல்

கிரீன்லாந்தின் பனி உருகினால் முதலில் மூழ்குவது அதன் கடற்கரை ஊர்கள்தானே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பதில்தான் விசித்திரமானது: அங்கே கடல் இறங்கும்.

மிதக்கும் பனி உருகினால் கடல் மட்டம் ஏறாது, தரைமேல் கிடக்கும் பனிதான் கணக்கில் வரும் என்பதெல்லாம் உங்களுக்குப் பழைய செய்தி. எனக்குப் பிடித்த சங்கதி வேறு. கிரீன்லாந்தின் பனி சில இடங்களில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் தடிமன். அவ்வளவு நிறை ஓரிடத்தில் குவிந்தால் அதற்கென்று ஓர் ஈர்ப்பும் வந்துவிடுகிறது. சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்துக் கரையோரம் உயர்த்தி வைத்திருக்கிறது அந்தப் பனி. எங்கள் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் பெரிய மாமா உட்கார்ந்தால் கயிறு தொய்ந்து, பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் அவர் பக்கம் சரிவோம். அவர் எழுந்ததும் கயிறு மேலே வரும், நாங்கள் அவரவர் மூலைக்குப் போய்விடுவோம். பனி குறையும்போது நடப்பதும் ஏறத்தாழ அதுதான். ஈர்ப்பு தளர்ந்து நீர் விலகுகிறது, பாரம் இறங்கிய தரை எழும்புகிறது. உருகும் இடத்திலிருந்து சுமார் 2000 கிலோமீட்டர் வரை இந்த இறக்கம் உண்டு. ஆக, ஐஸ்லாந்துக்காரர்கள் கிரீன்லாந்துப் பனியால் மூழ்கமாட்டார்கள். அந்த நீரெல்லாம் தொலைவிலுள்ள கடல்களில் போய் ஏறுகிறது.

கடலில் மேடும் பள்ளமும் இருக்குமா என்று ஐயப்படுகிறவர்களுக்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குன்றிய பெரும்பரப்பு ஒன்று இருக்கிறது. பூமியை வழவழப்பான உருண்டையாக வைத்துக் கணக்கிட்டால் வரவேண்டிய மட்டத்துக்கு நூறு மீட்டருக்கும் கீழே அங்கே கடல் தாழ்ந்து கிடக்கிறது. காரணம் பனி அல்ல, பூமியின் ஆழத்திலுள்ள பாறைகள். சரிவு அவ்வளவு அகலமானது என்பதால் கப்பலில் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

பனிக்கும் கடலுக்குமான இந்த இழுபறியை அமெரிக்கரான ராபர்ட் வுட்வர்ட் 1888லேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். செயற்கைக்கோள் ஏது அப்போது? பனியின் நிறை குறைவதை நேரடியாக எடைபோட 2002இல் ஏவிய 'கிரேஸ்' இரட்டைச் செயற்கைக்கோள்கள் வரவேண்டியிருந்தது. சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்த அவை, கீழே ஈர்ப்பு கூடிக் குறைவதற்கேற்பத் தமக்கிடையே தூரம் மாறுவதை, தலைமுடியின் தடிமனைவிட நுட்பமாக அளந்தன.

நமக்கு இதில் நல்ல செய்தி இல்லை. வங்கக் கடல் இரு துருவங்களுக்குமே தொலைவு. எந்தப் பக்கம் உருகினாலும் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாகவே நம் கரையில் ஏறும். ஆனால் நம் செய்திகளில் வருவது உலகச் சராசரி என்ற ஒற்றை எண்ணும், மெலிந்த பனிக்கரடி ஒன்றின் படமும்தான். கரடிமேல் இரக்கப்பட்டுவிட்டு, பள்ளிக்கரணைச் சதுப்பில் மண்ணைக் கொட்டி வீடு கட்டுகிறோம். வெள்ளம் வந்தால் வானத்தைத் திட்டுகிறோம். கடல் எந்த ஊரில் எவ்வளவு ஏறும் என்று கேட்கும் வழக்கமே நம்மிடம் இன்னும் வரவில்லை.

துருவங்கள் ஒன்றையொன்று தொடுவதும் கடலின் இந்த ஏற்ற இறக்கத்தின் வழியாகத்தான். மேற்கு அண்டார்டிகாவின் பனி பெரும்பாலும் கடல் மட்டத்துக்குக் கீழே உள்ள தரைமேல் உட்கார்ந்திருக்கிறது. தரையை விட்டு அது மிதக்கத் தொடங்கும் எல்லைதான் அதன் பலவீனம். அங்கே பனி குறையும்போது, கிரீன்லாந்தைப் போலவே, அருகிலுள்ள கடலும் இறங்கும். ஆழம் குறைவதால் பனி தரையைப் பிடித்துக்கொள்ளும், பின்வாங்கல் மட்டுப்படும். பனியே தனக்குப் போட்டுக்கொள்ளும் பிரேக் அது. அதைத் தளர்த்துவது வடக்கிலிருந்து வரும் நீர். கிரீன்லாந்து இழக்கும் பனி அண்டார்டிகாவின் ஓரத்தில் கடலை உயர்த்தி, பனியைத் தரையிலிருந்து தூக்குகிறது.

முன்பும் இப்படி நடந்திருக்கிறது. வட அமெரிக்காவையும் ஐரோப்பாவின் வடபகுதியையும் மூடியிருந்த பனிவிரிப்புகள் கடைசிப் பனியுகத்தின் முடிவில் கரைந்தபோது உயர்ந்த கடல்தான் அண்டார்டிகாவின் பனி பின்வாங்கியதில் பெரும்பங்கு வகித்தது என்று நடாலியா கோமெஸ் குழுவினர் 2020இல் கணினி மாதிரிகளால் காட்டினார்கள். வடக்கின் பனிவிரிப்புகளில் இன்று மிஞ்சியிருக்கும் பெரியது கிரீன்லாந்து ஒன்றுதான். அதில் உள்ளது முழுவதும் உருகினால் உலகக் கடல் சராசரியாக ஏழு மீட்டருக்கு மேல் உயரும்; அண்டார்டிகாவைச் சுற்றி அதைவிடக் கூடுதல்.