உங்களுக்குத் தெரியுமா? தறிக்குழி வரை எட்டிய உதவிகள்

கைத்தறிக்கு நூல் வருவது சிட்டாவாக, அதாவது வளையமாகச் சுற்றிய நூல்கட்டாக. பெண்கள் அதை ராட்டையில் பிரித்துத் தார் சுற்றுவார்கள். விசைத்தறிக்கு வேண்டியதோ கோன் நூல். ஆலைகளின் விருப்பத்துக்கு விட்டால் முழுவதையும் கோனாகவே சுற்றி விற்றுவிடும். அதனால்தான் உள்நாட்டு விற்பனைக்கான நூலில் ஒரு பங்கைச் சிட்டாவாகவே போட்டாக வேண்டும் என்று மத்திய அரசு ஆலைகளைக் கட்டாயப்படுத்தி வைத்திருக்கிறது. இந்தப் பங்கு ஒரு காலத்தில் பாதியாக இருந்தது. 2003-இல் 40 சதவீதம் ஆனது, 2019-இல் 30 ஆகக் குறைந்தது. கைத்தறிக்கு அரசு செய்யும் உதவிகளிலேயே பெரியது இதுதான் என்பேன். சேலைக்குத் தள்ளுபடி கொடுத்தால் செய்தித்தாளில் வரும். சிட்டா நூல் குறைந்தால் நெசவாளர் வீட்டைத் தவிர வேறு எங்கும் தெரியாது.

*

1953-இல் விற்காத துணி தறிவீடுகளில் மலைபோலத் தேங்கி, நெசவாளர்கள் பட்டினி கிடந்தார்கள். அப்போது அண்ணா கைத்தறித் துணியைச் சுமந்துகொண்டு திருச்சித் தெருக்களில் கூவி விற்றார். அதே ஆண்டில், ஆலைத் துணிக்குக் கெஜத்துக்கு 3 தம்பிடி கூடுதல் வரி போட்டு, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிட மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது.

*

கரை வைத்த பருத்திச் சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் என்று சிலவற்றைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்கிறது 1985-ஆம் ஆண்டின் ஒதுக்கீட்டுச் சட்டம். விசைத்தறிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். சட்டம் செல்லும் என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் முதலில் 22 ஆக இருந்த பொருள்களின் பட்டியல் இன்று 11-இல் நிற்கிறது. கடையில் 'பவானி ஜமக்காளம்' என்று மலிவு விலைக்குக் கேட்டு வாங்குகிறோமே, அது விசைத்தறியில் ஓடியதாக இருந்தால், நெய்தவர் இந்தச் சட்டத்தை மீறுகிறார்.

*

இந்தியா முழுவதும் கைத்தறித் தொழிலில் இருப்பவர்கள் 35 லட்சத்துக்கும் மேல். அவர்களில் 100-க்கு 72 பேர் பெண்கள். 2019-20 கணக்கெடுப்பு சொன்னது இது.

*

கூட்டுறவுச் சங்கத்தில் நெய்யும் தமிழ்நாட்டு நெசவாளியின் கூலியில் ரூபாய்க்கு 8 காசு சேமிப்பாகப் பிடிக்கப்படும். அரசு தன் பங்காக 4 காசு போடும், வட்டியும் உண்டு. 1975-இல் வந்த திட்டம் இது. 1000 ரூபாய் கூலிக்கு 120 ரூபாய் சேர்கிறது என்றால், மாதச் சம்பளம் அறியாத வீட்டில் அது பெரிய விஷயம். தனியார் முதலாளியிடம் கூலிக்கு நெய்பவர்களுக்கு இது கிடைக்காது. தறி ஒன்றுதான், உழைப்பும் ஒன்றுதான். பாவு யார் கொடுத்தது என்பதில் இத்தனை வித்தியாசம் இருப்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

*

தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளர் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் மின்சாரம் இலவசமாக இருந்தது. 2023-இல் அது 300 ஆனது. கையால் ஓடும் தறிக்கு மின்சாரம் எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு மழைநாளில் குழித்தறிமுன் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பகலிலேயே அறை இருட்டிவிடும். கால் மிதிக்கும் குழியில் ஈரம் ஊறும், பாவு நைந்து இழை அறும். கரையில் ஓடும் ஜரிகை இழையைக் கண்ணால் எண்ண விளக்கு வேண்டும். குழியில் தண்ணீர் ஏறிவிட்டால் தறி நிற்கும். கூலி சேலைக் கணக்கு என்பதால் தறி நின்ற நாளுக்குக் காசு இல்லை.

*

பொங்கலுக்கு ஏழைகளுக்கு இலவச வேட்டி சேலை தரும் திட்டம் 1983-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கியது. வாங்குபவருக்கு உடை, நெய்பவருக்கு ஆண்டுதோறும் தப்பாத வேலை என்று இரண்டு நோக்கம். இப்போது அதில் பெரும்பங்கு விசைத்தறியில் ஓடுகிறது. கைத்தறிக்கு உரிய பங்கு திரும்ப வேண்டும்.

*

தேசியக் கைத்தறி நாள் ஆகஸ்ட் 7. 1905-இல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் அறிவிக்கப்பட்ட நாள் அது. முதல் கைத்தறி நாள் விழா 2015-இல் நடந்தது நம் சென்னையில்.

*

வண்ணத்துப்பூச்சிச் சின்னம் கொண்ட நெசவாளர் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் பிறந்தது 1935-இல், நாட்டு விடுதலைக்கு 12 ஆண்டுகள் முன்பு. அங்கே வாங்கும் பட்டுச் சேலையின் மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். நெய்தவரின் படமும் பெயரும் அச்சிட்ட சிறு அட்டை இருக்கலாம். எங்கள் வீட்டுச் சேலை ஒன்றில் அப்படி ஓர் அட்டை வந்தது. வெள்ளைச் சட்டையில், கேமராவுக்குப் பழகாத முகத்தோடு ஒரு பெரியவர். சேலை இரண்டு முறை சலவைக்குப் போய் வந்துவிட்டது. அட்டை பீரோவில், அதே மடிப்புக்குள் இருக்கிறது.