இலக்கத்தின் பின்னால் இருந்த முகங்கள்

மன்னருக்கும் தளபதிகளுக்கும் வரலாற்றேடுகள் ஒதுக்கும் இடம் பெரிது. பேரழிவைச் சுமந்த மக்களோ அங்கே வெறும் தொகைகளாகவே எஞ்சுகின்றனர். அத்தொகையினுள் இருந்து மனித முகங்களை ஒவ்வொன்றாக மீட்ட போலந்து ஓவியர் ஒருவரை இன்று வாசகர்களுக்கு அறிமுகஞ் செய்கின்றோம்.

பிரான்சிஷெக் யஷ்வியெத்ஸ்கி 1900ஆம் ஆண்டு பிறந்தவர். 1942 டிசெம்பரில் நாசிகளால் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் அடைக்கப்பட்டார். பின்னர் குறோஸ் றோசன், சக்சன்ஹவுசன், புக்கன்வால்ட் முகாம்களுக்கு மாற்றப்பட்டார். சென்ற இடமெல்லாம் சக கைதிகளின் முகங்களை, பெரும்பாலும் பென்சிலால், இரகசியமாக வரைந்தார். அகப்பட்டிருந்தால் உயிர் தப்பியிரார். வரைந்த தாள்களைப் படுக்கையிலும் உடையினுள்ளும் ஒளித்து வைத்தார்.

அவுஷ்விட்ஸ் முகாம் நிர்வாகமும் கைதிகளை மூன்று கோணங்களில், இலக்கமிட்டு, புகைப்படம் பிடித்தது. அவை பதிவேட்டுக்கான படங்கள். யஷ்வியெத்ஸ்கியும் உடையில் தைக்கப்பட்டிருந்த இலக்கத்தை விடாது வரைந்தார். பெயரைப் பறிப்பதற்கென இடப்பட்ட அவ்விலக்கமே, பிற்காலத்தில் வரையப்பட்டோர் பலரை இனங்காண உதவிற்று. அவர்களுட் பலர் உயிர் மீளவில்லை.

போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், ஓவியரும் காசநோயால் மறைந்தார். அவர் காத்த 113 படங்களைக் குடும்பத்தினர் அவுஷ்விட்ஸ் அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தனர்.

அகதி விண்ணப்பக் கோவையின் இலக்கத்தால் அழைக்கப்படுவோர் எம்மிற் பலர். எமது நிலையை அம்முகாம்களோடு ஒப்பிடுவது மாண்டோருக்கு இழைக்கும் அநீதி. அது எமது நோக்கமன்று. ஆயினும் இலக்கத்தின் பின்னால் ஒரு முகம் உண்டென்பதை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

புறப்பட்ட அவசரத்தில் புகைப்படங்களை விட்டு வந்த குடும்பங்கள் எம்மிடையே ஏராளம். ஊர்ப் பாடசாலைக்குக் கல் சுமந்தவரும், ஊரின் பிள்ளைகளையெல்லாம் கையிலேந்திய மருத்துவிச்சியும் எந்த நூலிலும் இடம்பெறார். அவர்களைக் கண்ட கண்கள் இன்னும் எம் வீடுகளில் உள்ளன. அகன்ற நெற்றி, ஒடுங்கிய கன்னம் என அம்மம்மா சொல்லச் சொல்லப் பேத்தி வரையட்டும். சாயல் சற்றுப் பிசகினாலும் அம்மம்மா திருத்துவார். திருத்தும்போது கதையும் சேர்ந்து வரும்.

வரைந்து முடித்ததும் படத்தின் கீழே பெயர், ஊர், தொழில் மூன்றையும் எழுதி வைப்போம். பெயரற்ற படம் அடுத்த தலைமுறைக்கு யாரோ ஒருவருடைய முகமாகிவிடும்.