தத்துவத்தில் ஆராய்ச்சிப் பட்டம்

சென்னைக்கு வடக்கே எண்ணூர் முகத்துவாரத்தைக் கடந்தால் காட்டுப்பள்ளி. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். தெற்கே கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் கழி. வடக்கே சிறிது தொலைவில் பழவேற்காட்டு ஏரி. நீர் சூழ்ந்த இந்த மணல் திட்டில் இன்று துறைமுகமும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் இருக்கின்றன. கட்டுமரத்தையும் வலையையும் நம்பி வாழ்ந்த குப்பங்களின் பிள்ளைகள் இப்பொழுது கல்லூரிக்குச் செல்கிறார்கள். அவர்களுள் ஒருத்தி, பட்டப்படிப்பை முடித்தபின், "நான் தத்துவத்தில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெறப்போகிறேன்" என்று வீட்டில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். "மருந்து கொடுக்காத டாக்டரா? அதனால் யாருக்கு என்ன பயன்?" என்று தாயார் கேட்பார். அந்தக் கேள்வியை எள்ளி ஒதுக்குதல் கூடாது. அதற்கு விடை சொல்ல இயலாதவர் ஆராய்ச்சிக்குள் புகாமலிருப்பதே நன்று.

தத்துவ ஆராய்ச்சி என்றால் யாது? பழைய நூல்களைப் படித்து அவற்றின் கருத்தைச் சுருக்கி எழுதுவது என்று பலரும் எண்ணுகின்றனர். அது படிப்பேயன்றி ஆராய்ச்சியன்று. ஒரு கேள்வி வேண்டும். அக்கேள்விக்கு இதுவரை கூறப்பட்ட விடைகளில் ஏதோ ஒரு குறை இருத்தல் வேண்டும். அக்குறையைக் காரணத்தோடு காட்டி, அதனினும் நல்ல விடையொன்றைக் காரணத்தோடு நிறுவுதல் வேண்டும். பௌதிக மாணவனுக்குக் கருவிகள் உண்டு. சமூகவியல் மாணவனுக்குப் புள்ளிவிவரங்கள் உண்டு. தத்துவ மாணவனுக்கு இருப்பது வாதம் ஒன்றே.

சென்னையிலேயே இதற்குத் தக்க சான்று உண்டு. திருத்தணியிற் பிறந்த ராதாகிருஷ்ணன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் எம்.ஏ. பயின்றபோது அக்கல்லூரி தாம்பரத்துக்குப் போகவில்லை; இராயபுரத்திலிருந்து நடந்தே போகத்தக்க ஜார்ஜ் டவுனில் இருந்தது. தத்துவப் பாடம் அவர் விரும்பித் தேர்ந்ததன்று. உறவினர் ஒருவர் படித்து முடித்த புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்தமையால் அப்பாடத்தை எடுத்துக்கொண்டார். வறுமை காட்டிய வழி அது. ஆனால் வகுப்பறையில் அவர் உள்ளத்தைத் தைத்த கூற்று ஒன்று இருந்தது. 'உலகம் மாயை என்னும் வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை' என்று பாதிரிமார் பலர் எழுதியும் பேசியும் வந்தனர். அதற்கு விடையாக வேதாந்தத்தின் அறநெறியைப் பற்றி 1908-ல் தம் பட்டத்திற்குரிய ஆய்வுரையை அவர் எழுதினார். அப்போது அவருக்கு வயது 20. அவருடைய ஆசிரியர் ஏ. ஜி. ஹாக் என்பவரும் கிறித்தவ சமயத் தொண்டரே. தம் தரப்பினரின் கருத்தை மறுத்த அந்த உரையை அவர் பாராட்டினார் என்பதை நாம் மறத்தலாகாது. மாணவனின் துணிவைப் போலவே ஆசிரியரின் பெருந்தன்மையும் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

இனி, காட்டுப்பள்ளி மாணவிக்கு வருவோம். அவள் ஊரிலேயே ஒரு கேள்வி கிடக்கிறது: கடல் யாருடையது? துறைமுகத்தின் எல்லை ஒருபுறம். அதற்கு முன்பே வலை வீசி வந்தவர் மறுபுறம். 2017-ல் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழியில் எண்ணெய் படர்ந்தது. இரு முறையும் முதலில் நட்டமடைந்தவர் மீனவர். எனவே இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

ஆயினும், 'கடல் யாருடையது?' என்பது அப்படியே ஆராய்ச்சித் தலைப்பு ஆகாது, மிகப் பெரிது. கேள்வியைச் செதுக்க வேண்டும். 533-ஆம் ஆண்டில் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட உரோமானியச் சட்டநூல், காற்றும் கடலும் கடற்கரையும் எல்லோர்க்கும் பொது என்றது. 1609-ல் டச்சு அறிஞர் குரோஷியஸ், கடலை எவரும் தமதாக்கிக்கொள்ள இயலாது என வாதிட்டார். எனினும் அவ்வாதம் டச்சு வணிகக் கப்பல்களுக்குத் துணை நிற்க எழுந்தது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். ஜான் லாக் என்பாரோ, உழைப்பைக் கலந்த பொருள் உழைத்தவனுக்கு உரியது என்றார். நிலத்தை உழுதவனுக்கு இது பொருந்தலாம். வலை வீசியவன் கடலில் எதனைக் கலந்தான்? அலை மறுகணமே அவன் சுவட்டை அழித்துவிடுகிறதே!

இங்கேதான் பழவேற்காடு உதவிக்கு வருகிறது. அங்கே 'பாடு' என்றொரு வழக்கம் உண்டு. இறால் கிடைக்கும் நல்ல இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துக் குடும்பங்களுக்குப் பகிர்ந்து கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் பெற்றவருக்கு நாளை வேறிடம். இடம் எவர்க்கும் சொந்தமன்று; முறையே சொந்தம். இவ்வாறு பொதுச் சொத்தை மக்கள் தாமே வகுத்த விதிகளால் காத்துக்கொள்ள முடியும் என்று எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார் 1990-ல் நூலெழுதி, 2009-ல் பொருளாதாரத்திற்கான நோபெல் பரிசு பெற்றார். அவர் காட்டியது அவ்விதிகள் எங்ஙனம் நிலைக்கின்றன என்பதை. அவை நியாயமானவையா என்பது வேறு கேள்வி. நம் மாணவியின் தலைப்பு அங்கே பிறக்கிறது: உழைப்பினாலும் விலையினாலும் வராத, முறையினால் மட்டும் வருகிற உரிமை, உரிமை என்னும் பெயருக்குத் தக்கதா?

அவள் மகிழ்ச்சியோடு எழுதத் தொடங்குவாள். தன் மக்களுக்காக வாதிடுகிறோம் என்று பெருமிதமும் கொள்வாள். பிறகு ஒரு தடை எதிர்ப்படும். பாட்டு உரிமை வழிவழியாகச் சில சமூகத்து ஆடவர்க்கே உரியது. பெண்களுக்கு அது இல்லை. ஏரியை நம்பி வாழும் வேறு பலருக்கும் இல்லை. சீட்டில் தன் பெயரே இடம்பெறாத ஒரு முறையை நியாயமென்று அவள் எப்படி நிறுவுவாள்? இதனை மறைத்துவிட்டு எழுதினால் அது வழக்கறிஞரின் வாதுரையாகும். மறைக்காமல் எடுத்து, அதன் முழு வலிமையோடு கூறி, பின்னர் விடை தேடினால் அதுவே தத்துவம். இதற்கு மூன்று மாதமும் ஆகலாம். மூன்று ஆண்டும் ஆகலாம்.

இம்முறை நமக்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு கூறாக வகுத்தார். தம் கொள்கையைச் சொல்லுமுன் உலகாயதர் முதலிய பிறர் கொள்கைகளை எடுத்துரைத்து மறுப்பது பரபக்கம். அந்நூலையும் அதன் ஆறு உரைகளையும் ஆராய்ந்து வ. ஆ. தேவசேனாபதி எழுதிய நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1960-ல் வெளியிட்டது. நம் மாணவி கல்லூரிக்குப் போகும் வழியிலுள்ள திருவொற்றியூர்க் கோயிலிலும் சோழர் காலத்தில் மடம் இருந்தது. அங்கே இலக்கணமும் சித்தாந்தமும் விரித்துரைக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. இன்று அத்தெருவில் லாரிகளின் இரைச்சலில் அது யார் நினைவுக்கும் வருவதில்லை!

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியத் தத்துவத் துறை 1927-ல் சூரியநாராயண சாஸ்திரியார் தலைமையில் தொடங்கியது, 1964-ல் டி. எம். பி. மகாதேவன் காலத்தில் உயராய்வு மையமாயிற்று. இந்நாளில் டாக்டர் பட்ட ஆய்வுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் வழிகாட்டுகின்றன. இரண்டாண்டு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியலினத்தார், பிற்பட்டோர் முதலியோர்க்கு 5 விழுக்காடு சலுகையுண்டு. குறைந்தது மூன்றாண்டு; மிகுந்தது ஆறாண்டு; மறுபதிவு செய்தால் மேலும் இரண்டாண்டு. பெண்களுக்குக் கூடுதல் காலமும், மகப்பேற்றுக்கென 240 நாள் வரை விடுப்பும் உண்டு. எம்.ஃபில். என்ற இடைப்படி நீக்கப்பட்டுவிட்டது. முடிவில் ஆய்வேட்டை வெளியிலுள்ள தேர்வாளர் இருவரேனும் மதிப்பிடுவர். பின்னர் எவரும் வந்து கேட்கத்தக்க வாய்மொழித் தேர்வு நடைபெறும்.

தாயாரின் கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. பிழைப்பைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுவது நேர்மை. நெட் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 முதல் திங்களுக்கு 37,000 ரூபாய் கிடைக்கிறது. ஒரு குடும்பம் தலைநிமிர்ந்து நிற்க அது போதும். ஆனால் தகுதி பெறுவோர் சிலரே. கிடையாதவர்கள் பகுதிநேர வேலையில் காலத்தைக் கொடுத்துவிட்டு, மிச்சமான இரவில் எழுதுகிறார்கள். தத்துவத் துறை உள்ள கல்லூரிகள் தமிழ்நாட்டில் மிகச் சில. ஆகவே ஆசிரியப் பதவிகளும் சிலவே. வேலை ஒன்றையே கருதி இத்துறைக்கு வர நினைப்பவரை நான் தடுத்தே நிறுத்துவேன். கேள்வி உறங்கவிடாமல் துரத்துகிறது என்பவரைத் தடுக்க எனக்கு மனம் வராது.

பேராசிரியரைத் தேர்வதில் மட்டும் அவசரம் கூடாது. அவர் பெயர் பெரிதா என்று பாராதீர்கள். தமக்கு ஒவ்வாத முடிவோடு வருகிற மாணவனை அவர் எப்படி நடத்துகிறார் என்று, அவரிடம் முன்பு பயின்றவர்களைக் கேட்டறியுங்கள்.

வாய்மொழித் தேர்வு எவரும் வரலாம் என்றேன் அல்லவா? அன்று காட்டுப்பள்ளியிலிருந்து அந்தத் தாயாரும் வந்து பின்வரிசையில் அமரலாம். மகளுடைய ஏட்டின் தடை முழுவதையும் அவர் ஒரே வாக்கியத்தில் கேட்டுவிடவும் கூடும்: "சீட்டுல உன் பேரு ஏன் இல்லை?" தேர்வாளர் இருவரும் அதற்குரிய விடையைத்தான் அவளிடம் எதிர்பார்த்துக்கொண்டிருப்பர்.