பெயரில்லாக் கிருமிகளும் ஒரு பெண்மணியும்

அறிமுகமில்லாதவர் வாசலில் நின்றால், "யார்? எந்த ஊர்?" என்று கேட்கிறோம். மருத்துவமனை ஆய்வுக்கூடத்திலும் முதல் கேள்வி இதுவே. நோயாளியின் இரத்தத்திலோ தண்டுவட நீரிலோ காணப்படும் பாக்டீரியா எது? அதன் பெயர் தெரிந்தால்தான் ஏற்ற மருந்தும் தெரியும்.

பெயரை எப்படிக் கண்டறிகிறார்கள்? முதற்படி சாயமேற்றுதல். டென்மார்க் நாட்டு மருத்துவர் கிராம் 1884-இல் வெளியிட்ட முறை இது. கண்ணாடித் தகட்டில் தடவிய மாதிரிக்கு ஊதாச் சாயமும் அயோடினும் இட்டு, ஆல்கஹாலால் கழுவி, பின்னர் சிவப்புச் சாயம் இடுவார்கள். ஊதா நிறத்தை விடாமல் வைத்திருப்பவை கிராம் பாசிட்டிவ்; சிவப்பாகத் தெரிபவை கிராம் நெகட்டிவ். அடுத்து, இரத்தம் கலந்த அகாரில் கிருமியை வளர்த்து, அதன் நிறத்தைக் கவனிப்பார்கள். எந்தச் சர்க்கரையிலிருந்து அமிலம் உண்டாக்குகிறது, ஆக்சிடேஸ், இண்டோல் சோதனைகளின் முடிவு என்ன என்றும் பார்ப்பார்கள். இவற்றை அட்டவணையோடு ஒப்பிட்டால் இனம் புலப்படும்.

எந்த அட்டவணைக்கும் பொருந்தாத கிருமியாயின்? அமெரிக்காவில் அட்லாண்டா நகரின் அரசுத் தொற்றுநோய் மையத்தில் பணிபுரிந்த எலிசபெத் கிங் அம்மையார் (1912–1966) எடுத்துக்கொண்ட பணி இதுதான். பல இடங்களிலிருந்து வந்த இனம் தெரியாத கிருமிகளை அவர் பொறுமையுடன் சோதித்து, ஒத்தவற்றை ஒன்று சேர்த்தார். 1959-இல், பச்சிளங் குழந்தைகளுக்கு மூளைச் சவ்வுக் காய்ச்சல் உண்டாக்கிய ஒரு கிருமிக்கு ஃபிளேவோபாக்டீரியம் மெனிங்கோசெப்டிகம் என்று பெயரிட்டார். அது கிராம் நெகட்டிவ் வகையே. ஆயினும் அவ்வகைக்கு வழக்கமாகக் கொடுக்கும் பல மருந்துகள் அதனிடம் பலிப்பதில்லை. சாயத்தோடு நின்றுவிட்டால் சிகிச்சை தவறிவிடும் என்பதை இதனால் உணரலாம்.

பின்னாளில் மரபணு ஆராய்ச்சி அக்கிருமியின் உண்மையான உறவுகளைக் காட்டியது. 2005-இல் அதற்குப் புதிய பேரினப் பெயர் சூட்டினார்கள்: எலிசபெத்கிங்கியா! 2011-இல் கொசுவின் குடலிலிருந்து எலிசபெத்கிங்கியா அனாபிலிஸ் என்ற இனம் அறியப்பட்டது. இதுவும் மனிதருக்கு நோய் தரக்கூடியது. தானியங்கிக் கருவிகளின் பட்டியலில் இவ்வினம் இல்லாதபோது, அவை இதனைப் பழைய இனமென்றே தவறாகக் கூறியதுண்டு. பட்டியலில் இல்லாததைக் கருவி அறியாது. ஐயுற்று மீண்டும் சோதிக்க மனிதர் வேண்டும்.

தோழியரே, வெங்காயச் சருகுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் நாமும் அப்பாதையின் முதற்படியில்தான் நிற்கிறோம். கண்டதைக் கண்டபடி குறிப்பேட்டில் எழுதப் பழகுவோம். அந்தப் பழக்கம் நாளை ஒரு குழந்தையின் உயிரைக் காக்கலாம்.