கூரைப் புல்லும் சந்திர மண்ணும்

(பத்தாம் வகுப்பு மாணவி)



கல்வராயன் மலையில், கரியாலூரில் என் ஆயா வீடு இருக்கிறது. மண் சுவர், மலைப் புல் வேய்ந்த கூரை. சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தால் குளுகுளுவென்றிருக்கும். மார்கழிப் பனியில் கதகதப்பாக இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் புல்லை எடுத்துவிட்டுத் தகரம் போட்டார்கள். அதன்பின் ஆயா பகலெல்லாம் பலாமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். இரவில் இரண்டு கம்பளி போர்த்தியும் நடுங்கினார். "புல்லுக்கு இருந்த குணம் தகரத்துக்கு ஏன் இல்லை? நீதான் படிக்கிறாயே, சொல்லு" என்று என்னைக் கேட்டார். விடுமுறை முடிந்ததும் விஞ்ஞான வகுப்பில் சிஸ்டரிடம் கேட்டேன். அன்று கற்றதையே இங்கே எழுதுகிறேன்.

வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே செல்லும். அது செல்லும் வழிகள் மூன்று. குழம்பில் கிடக்கும் கரண்டியின் காம்பு சுடுகிறதே, அது வெப்பக் கடத்தல். உலையில் அடித்தண்ணீர் சூடேறி மேலே வர, மேலிருந்த தண்ணீர் கீழே இறங்குகிறது. இது வெப்பச் சலனம். அடுப்பைத் தொடாமலே எட்ட நின்றாலும் முகத்தில் அனல் அடிக்கிறது; இது வெப்பக் கதிர்வீசல். சூரிய வெப்பம் நம்மை அடைவதும் இவ்வழியே.

கம்பளி சூடு தருகிறது என்கிறோம். உண்மையில் கம்பளிக்குச் சொந்தச் சூடு எதுவும் கிடையாது. ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டிகளை எடுத்து, ஒன்றைக் கம்பளியில் நன்றாகச் சுற்றி வையுங்கள். சுற்றாத கட்டிதான் முதலில் கரையும்! கம்பளி, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விடாது. வெளி வெப்பத்தை உள்ளேயும் விடாது. அதன் இழைகளுக்கிடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றே இதற்குக் காரணம். காற்று மிகச் சிறந்த அரிதிற் கடத்தி. இரும்பு அதைவிட இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்.

இப்போது ஆயாவின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. புல்லின் தாள்களுக்குள்ளும் தாள்களுக்கிடையிலும் சிக்கிய காற்றே அந்தக் கூரையின் குணம். தகரமோ மெல்லிய எளிதிற் கடத்தி. பகலில் காய்ந்து கீழே அனலை வீசும். இரவில் தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிவிட்டுச் சில்லிட்டுப் போகும்.

காற்றைவிடச் சிறந்த தடை வெற்றிடம். 1892-இல் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி இரட்டைச் சுவர்களுக்கிடையே காற்றை நீக்கிய குடுவையைச் செய்தார். அதுவே நம் வீட்டுப் பிளாஸ்க். வெற்றிடத்தில் கடத்தலும் இல்லை, சலனமும் இல்லை. அதன் வெள்ளிப் பூச்சு கதிர்வீசலைத் திருப்பி அனுப்பிவிடும்.

இயற்கையே செய்த ஒரு பிளாஸ்க்கும் உண்டு. அது சந்திரனின் மண். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 அங்கே இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். நம் கள்ளக்குறிச்சியும் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அக்கலத்திலிருந்த 'சேஸ்ட்' என்னும் கருவி மண்ணைத் துளைத்து அளந்தது. மேற்பரப்பில் சுமார் 50 டிகிரி செல்சியஸ். 8 சென்டிமீட்டர் ஆழத்திலோ பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி! தூள் தூளான மண், இடையிடையே வெற்றிடம். வெப்பம் இறங்க வழியில்லை.

தகரத்தைக் குறை கூறிப் பயனில்லை. புல் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும், மழையில் மக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும். ஆகவே சென்ற கோடை விடுமுறையில் மாமாவும் நானும் தகரத்துக்கு ஒரு சாண் கீழே மூங்கில் தட்டி கட்டி, அதன்மேல் களிமண் பூசினோம். தகரத்தின் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். இடையிலுள்ள காற்றும் தட்டியும் மிச்ச அனலைத் தடுக்கும்.

இப்போது ஆயா பகலிலும் வீட்டுக்குள் உட்கார்ந்து சாமை புடைக்கிறார். "பழைய கூரை மாதிரி வராது, ஆனால் இருக்கலாம்" என்கிறார். நான் வாங்கிய மதிப்பெண்களுள் இதையே பெரிதாக எண்ணுகிறேன். தோழியரே, நம் பாடங்கள் தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல் நம் வீட்டுக் கூரை வரை எட்டட்டும்.