சாதாரண காரில் டிரெய்லர் இழுக்கலாமா?



இந்த வார எபிசோடில் ஃபீட்பேக் லூப் பற்றிப் பேசினோம். நேரம் போதாமல் விட்டுப்போன உதாரணம் ஒன்று இருக்கு: காருக்குப் பின்னாடி மாட்டுற சின்ன டிரெய்லர். லேபர் வீக்கெண்ட் வந்தாலே இங்கே எல்லாரும் தக்காளி நாத்து நடக் கிளம்பிடுவாங்க. அதுக்கு மண் வேணும். நம்ம ஊர்னா குட்டி யானைக்கு ஒரு போன் போட்டா வேலை முடிஞ்சது. ஆக்லாந்தில் பெட்ரோல் ஸ்டேஷன்லயே டிரெய்லர் வாடகைக்குக் கிடைக்குது, ஆனா டிரைவர் நீங்கதான். சாதாரண கார் லைசென்ஸே போதும், தனி டெஸ்ட் எதுவும் கிடையாது. அதனால தெரிஞ்சுக்க வேண்டியதை நாமளே தெரிஞ்சுக்கணும்.

எவ்வளவு எடை?

இங்கே பார்க்க வேண்டிய எண்கள் பல. கார் கம்பெனி அனுமதிக்கும் இழுவை எடை, டோபார் தகட்டில் இருக்கும் எடை, டோபால், கப்ளிங் இரண்டின் அளவு, டிரெய்லரின் மொத்த எடை வரம்பு. நம்ம பாஷையில் சொன்னா இது ஒரு மின் ஃபங்ஷன். எது குறைவோ அதுதான் விடை. டோபார் 1,200 கிலோ தாங்கும்னு எழுதியிருந்தா காரும் தாங்கும்னு அர்த்தம் இல்லை. கார் கையேட்டில் பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒரு எண்ணும் பிரேக் இல்லாததுக்கு அதைவிடக் குறைவான எண்ணும் இருக்கும். வாடகைக்கு வரும் சின்ன டிரெய்லர்களில் பெரும்பாலும் பிரேக் இருக்காது. ஜப்பானிலிருந்து வந்த சின்ன ஹைபிரிட் கார்களில் சிலதுக்கு இழுவை எண்ணே தரப்பட்டிருக்காது. அப்படின்னா இழுக்கக் கூடாதுன்னு எடுத்துக்கோங்க.

இப்போ ஒரு கணக்கு. எட்டடிக்கு நாலடி டிரெய்லர், பக்கப் பலகை 30 செ.மீ. உயரம். கொள்ளளவு சுமார் 0.89 கன மீட்டர். ஒரு கன மீட்டர் தோட்ட மண் 1,300 கிலோன்னு வெச்சுக்கிட்டா, விளிம்பு வரை நிரப்பினால் 1,100 கிலோவுக்கு மேல போயிடும். மழையில் நனைஞ்ச மண்ணுன்னா இன்னும் கூடும். டிரெய்லரின் சொந்த எடை 250 கிலோ, வரம்பு 750 கிலோன்னா நமக்கு மிச்சம் 500 கிலோதான். அது வெறும் 13 செ.மீ. உயர மண். பாதி கூட நிரம்பலையே, இன்னொரு ஸ்கூப் போடலாம்னு தோணும். போடாதீங்க. ரெண்டு டிரிப்புக்கு மேல ஆகும்னா மண் கடைக்காரங்களையே லாரியில் கொண்டுவந்து கொட்டச் சொல்றது நல்லது.

பாரம் எங்கே இருக்கணும்?

மாட்டு வண்டி ஓட்டினவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம். முன்பாரம் அதிகமானா மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் ஆனா நுகத்தடி மேலே தூக்கும். இங்கே மாட்டுக்குப் பதில் டோபால். மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு டோபால் மேல் இறங்கணும். 750 கிலோ டிரெய்லருக்கு 75 கிலோ. கனமான பொருளை அச்சுக்கு நேர் மேலேயோ கொஞ்சம் முன்னாடியோ வைங்க.

பின்பாரம் ஆச்சுன்னா, ஃபீட்பேக் லூப் வேலையைக் காட்டும். காத்து தள்ளுது, டிரெய்லர் லேசா ஆடுது. குறைஞ்ச வேகத்தில் ரெண்டு மூணு ஆட்டத்தில் தானா அடங்கிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினா ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெருசாகும், கடைசியில் காரையே இழுத்துத் திருப்பிடும். பின்பாரம் ஏற ஏற அந்த வேகம் இறங்கிக்கிட்டே வரும். இங்கே டிரெய்லரோடு போறவங்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. ஹார்பர் பிரிட்ஜில் காத்தடிக்கிற நாளில் அதையும் குறைச்சுக்கோங்க. ஆட ஆரம்பிச்சா பிரேக்கை அழுத்தாதீங்க, ஸ்டீயரிங்கால் எதிர்த்துத் திருப்பாதீங்க. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துட்டு ஸ்டீயரிங்கை நேரா பிடிங்க.

நிறுத்துறது

இங்கத்திய விதிப்படி கார், டிரெய்லர் இரண்டும் சேர்ந்து 30 கி.மீ. வேகத்தில் இருந்து 7 மீட்டருக்குள் நிக்கணும். வேகம் மூணு மடங்கானா தூரம் ஒன்பது மடங்கு: 90-ல் 63 மீட்டர். உங்க மூளை சுதாரிக்க ஒன்றரை வினாடி எடுத்துக்கிட்டா இன்னும் 37 மீட்டர். ஆக மொத்தம் ஒரு ரக்பி மைதானத்தின் நீளம். முன்னாடி போற வண்டிக்கு விட வேண்டிய இடைவெளியை இதை வெச்சு முடிவு பண்ணுங்க.

மாட்டுற இடம்

நியூசிலாந்தில் ரெண்டு டோபால் அளவு புழக்கத்தில் இருக்கு: 1 7/8 அங்குலம், அதாவது 47.6 மி.மீ., இன்னொன்று 50 மி.மீ. வித்தியாசம் 2.4 மி.மீ. தான். 50-க்கான கப்ளிங்கைச் சின்ன பால் மேல வெச்சாலும் பூட்டின மாதிரியே தெரியும். முதல் ஸ்பீட் பம்பில் கழன்று வரலாம். எரர் மெசேஜ் தராத கம்பாட்டிபிலிட்டி பிரச்சனை இது. பால் மேலயே அளவு பொறிச்சிருக்கும், படிங்க. பூட்டின பிறகு டிரெய்லர் முனையை மேலே தூக்கிப் பாருங்க. காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பணும். பாதுகாப்புச் சங்கிலியை மறக்கவே கூடாது.

லைட்டுக்கு இங்கே அதிகம் பார்ப்பது தட்டையான 7 பின் பிளக். உங்க காரில் வட்ட பிளக்னா அடாப்டர் வாங்கிக்கலாம். புது கார்களில் வயரை நேரா வெட்டி இணைக்காதீங்க. எல்ஈடி லைட் குறைவான மின்சாரம் எடுக்கிறதால, பல்ப் போயிடுச்சுன்னு கார் நினைச்சுக்கும். அதுக்குத் தனி மாட்யூல் இருக்கு. ரிவர்ஸ் சென்சாரும் டிரெய்லரைச் சுவர்னு நினைச்சு பிரேக் போடலாம். அதை ஆஃப் பண்ணிட்டு ரிவர்ஸ் எடுங்க.

ரிவர்ஸ் எடுக்கிறது

ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடிங்க. டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ கையையும் அந்தப் பக்கமே நகர்த்துங்க. சின்ன டிரெய்லர்தான் கஷ்டம், நீளம் குறைவானதால சட்டுன்னு மடங்கிடும். மடங்க ஆரம்பிச்சா முன்னாடி இழுத்து நேராக்கிட்டு மறுபடி ஆரம்பிங்க. காலியான பார்க்கிங்கில் அரை மணி நேரம் பழகினா போதும்.

கிளம்புறதுக்கு முன்னாடி: வாஃப், ரெஜோ தேதி, டயர் காத்து, லைட், சங்கிலி, மேலே வலை. சரக்கு பின்னாடி ஒரு மீட்டருக்கு மேல நீட்டிக்கிட்டு இருந்தா கொடி கட்டணும். பத்து நிமிஷம் ஓட்டின பிறகு ஒருமுறை ஓரமா நிறுத்தி எல்லாத்தையும் திரும்பப் பாருங்க. கயிறு தளர்ந்திருந்தா அப்போதான் தெரியும்.

உங்க கார் எவ்வளவு இழுக்கும்னு கையேட்டில் பார்த்தீங்களா? மாடலையும் எண்ணையும் பதிலில் எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் படிக்கிறோம்.